லிண்டல் மட்டத்தோடு நின்ற வீடு: சூதாட்டக்கூடம் வந்தால் ஊர் வளருமா?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியது: "இந்த மாதம் 2ஆம் திகதி இங்கே சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் கசினோ திறந்தாகிவிட்டது. நூறு கோடி டொலருக்கு மேல் முதலீடு. சனத்துக்கு வேலை கிடைக்கும், உல்லாசப் பயணிகள் வருவார்கள். சிங்கப்பூரில் 2010இல் இரண்டு திறந்தார்கள், நாடு எங்கேயோ போய்விட்டது. எதிர்க்கிற ஆட்கள் எல்லோரும் ஒழுக்கம் கதைக்கிறார்களே தவிரக் கணக்குக் கதைப்பதில்லை. கணக்கோடு சொல்ல யாராவது இருக்கிறீர்களா?"

9 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

கணக்கே பேசலாம். நான் 2007 முதல் 2019 வரை சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்தவன். சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கிப் பக்கம். நண்பர் சொன்ன இரண்டில் ஒன்றான மரினா பே சாண்ட்ஸ் கோபுரங்களுக்குக் கம்பி கட்டியவர்களில் நானும் ஒருவன், அதனால் அந்தக் கட்டடத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் மனசுக்குள் ஒரு பாசம் வந்துவிடும். மூன்று கோபுரம், ஒவ்வொன்றும் 55 மாடி. ஒரு பக்கம் நேராக எழும்பும், இன்னொரு பக்கம் சாய்ந்து வந்து மேலே அதோடு சேரும். சாய்ந்த பக்கத்தில் வேலை செய்யும்போது கீழே பார்க்காதே என்று ஃபோர்மேன் தினமும் காலையில் சொல்லித்தான் அனுப்புவார்.

நண்பர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 2003இல் சார்ஸ் வந்து சுற்றுலா படுத்துவிட்டது. 2005 ஏப்ரல் 18 அன்று பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் சூதாட்டக்கூடத்தோடு கூடிய இரண்டு உல்லாசத்தளங்களுக்கு அனுமதி என்று அறிவித்தார். அதற்கு முன்னால் பல காலம் அரசாங்கமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அது. உள்ளூர்க்காரர்கள் எப்படியும் மலேசியாவின் கெந்திங் மலைக்குப் பேருந்து ஏறிப் போய் ஆடுகிறார்கள், கப்பலில் போய் ஆடுகிறார்கள், அந்தப் பணம் நாட்டுக்குள்ளேயே நிற்கட்டுமே என்பதும் அன்றைக்குப் பேசப்பட்டது. செந்தோசா தீவில் 2010 பிப்ரவரி 14, சீனப் புத்தாண்டு அன்று முதல் கூடம் திறந்தது. ஏப்ரல் 27இல் மரினா பே. 2009இல் 97 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2010இல் 1 கோடியே 16 லட்சம் பேர் வந்தார்கள், 2019இல் 1 கோடியே 91 லட்சம். இரண்டு இடத்திலுமாக இருபதாயிரம் பேருக்கு மேல் வேலை. இதையெல்லாம் மறுக்க நான் எழுதவில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் எங்கள் ஊர் இல்லை. எங்கள் ஊரும் அதில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. நாளைக்கு விவரமாக எழுதுகிறேன், இப்போது கரண்ட் போய்ப் போய் வருகிறது.

9 ஆகஸ்ட், இரவு 11.50

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக்கூடத்துக்குள் போக 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும் என்று முதலிலேயே சட்டம் வைத்தார்கள். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 2,000 வெள்ளி. 2019 ஏப்ரலில் அதை 150, 3,000 என்று ஏற்றினார்கள். சொந்த மக்கள் காசைக் கொண்டுபோய்க் கொட்டிவிடக்கூடாது என்ற அக்கறை, நல்ல அக்கறை.

வெளிநாட்டுக்காரருக்குக் கட்டணம் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது ஜகார்த்தாவிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கும் பணக்காரர். நாள் சம்பளம் 18 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்த எனக்கும் அதே வாசல்தான். வொர்க் பெர்மிட் அட்டையைக் காட்டினால் போதும், 21 வயது ஆகியிருந்தால் போதும், இலவசம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு, காலை

அந்த வாசலுக்குள் போய் மாட்டிக்கொண்ட ஒருவன் கதை இனி. பேரும் ஊரும் சொல்ல மாட்டேன். என் பக்கத்து ஊர், என் அறைக்காரன், எனக்கு நாலு வயது இளையவன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

ஏஜெண்டுக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் கொடுத்துவிட்டு வந்தவன். அதில் பாதி அவன் அம்மாவின் நகை, மீதி வட்டிக்கு. ஓடி, அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளம், எல்லாம் சேர்த்து மாதம் 650, 700 வெள்ளி வரும். அப்போது ஒரு வெள்ளி 33, 34 ரூபாய். சாப்பாட்டுக்கும் போன் கார்டுக்கும் எடுத்து வைத்தது போக 400 வெள்ளி ஊருக்கு அனுப்புவான். முதல் ஒன்றரை வருஷம் கடனுக்கே போனது. அப்புறம்தான் வீடு ஆரம்பித்தான். ஊரில் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் இரண்டு அறை, ஒரு ஹால், சிமெண்டு வீடு. அஸ்திவாரம் போட்ட படத்தை அவன் தங்கச்சி அனுப்பியபோது அறையில் பன்னிரண்டு பேருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

2010 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு, நாம் கட்டிய கட்டடத்தை உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று நான்தான் அழைத்துப் போனேன். இதைப் பதினைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நான்தான் அழைத்துப் போனேன். வாசலில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வரிசை, அவர்கள் காசு கட்டி நுழைந்தார்கள். எங்களுக்குத் தனி வரிசை. அட்டையைப் பார்த்தார்கள், போ என்றார்கள். உள்ளே ஏசி, இலவசமாகக் காபி, மைலோ. டார்மிட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில், மின்விசிறிக் காற்றில் படுத்துப் பழகியவனுக்கு அந்தக் குளிர்ச்சியே ஒரு மரியாதை மாதிரி இருந்தது. யாரும் எங்களை விரட்டவில்லை. அந்த ஊரில் நான் போன பெரிய இடங்களில் யாரும் முறைத்துப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

நான் ஒன்றும் போடவில்லை. அவன் மூன்று பகடை உருளும் ஆட்டத்தில், பெரிசா சிறிசா என்று சொல்ல வேண்டும், அதில் 20 வெள்ளி வைத்தான். இரவு எட்டு மணிக்கு வெளியே வரும்போது அவன் கையில் 340 வெள்ளி இருந்தது. பாதி மாதச் சம்பளம். மறுநாள் அதை அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டான். வீட்டுக்குச் செங்கல் வந்து இறங்கியது.

அந்தச் செங்கல்தான் அவனைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன். தோற்றிருந்தால் 20 வெள்ளியோடு போயிருக்கும். ஜெயித்த பணம் செங்கலாக மாறி ஊரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த இரண்டு வருஷம் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்து எழுத மனம் வரவில்லை. சம்பளம் வாங்கும் ஞாயிறு, அப்புறம் எல்லா ஞாயிறும், அப்புறம் ஓடி இல்லாத வார நாள். அறையில் நாங்கள் போட்ட சீட்டை முதல் மாதமே தள்ளி எடுத்தான். ஒவ்வொருவரிடமும் 50, 100 என்று கைமாற்று. வட்டிக்கு விடுகிற ஒரு ஆளிடம் 500. அந்த ஆள் ஆட்களை அனுப்பினார், டார்மிட்டரி வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஊரில் அம்மாவிடம் கம்பெனி சம்பளம் போடவில்லை என்று சொன்னான். இங்கே எங்களிடம் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றான். வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுவிட்டது. ஜன்னல் உயரத்துக்கு மேலே ஒரு வரி கான்கிரீட், அதற்கு மேல் வானம்.

10 ஆகஸ்ட், மாலை

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். சொந்த சோகத்தைச் சொல்லிவிட்டுக் கணக்கை விட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. கேட்டது கணக்கு. சரி, போடுகிறேன்.

அவன் இரண்டு வருஷத்தில் தோற்றது, கடனையும் சேர்த்து, நாங்கள் உட்கார்ந்து கூட்டியபோது 14,000 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைய ரூபாயில் ஐந்து லட்சம். மரினா பேயின் ஒரு நாள் வருமானத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எங்கள் பக்கம் ஒரு கிராமத்தில் அது யார் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். கொத்தனார் மேஸ்திரி, அவரிடம் சித்தாள் வேலைக்கு வரும் ஐந்தாறு பெண்கள், காளவாய்க்காரர், மணல் வண்டிக்காரர், கம்பியும் சிமெண்டும் கடன் கொடுக்கும் ஹார்டுவேர் கடை, தச்சர், பெயிண்டர், புதுமனைப் புகுவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர், சமைக்கிறவர், மைக் செட்டுக்காரர். ஒரு ஆள் அக்கரையிலிருந்து வீடு கட்டினால் ஒரு வருஷம் பத்துப் பதினைந்து குடும்பம் அதில் கை நனைக்கும். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பச்சையாகவும் ரோஸாகவும் தெரிகிற வீடுகளை விசாரித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் சிங்கப்பூர், மலேசியா, துபாய்ப் பணமாக இருக்கும். எங்களுக்குத் தொழிற்சாலை கிடையாது. மழை நம்பின விவசாயம். வெளியே போனவன் அனுப்புகிற பணம்தான் ஊரின் பொருளாதாரம்.

சுற்றுலாப் பயணி சூதாட்டக்கூடத்தில் நூறு வெள்ளி தோற்றால் அவன் விடுமுறைச் செலவில் ஒரு நூறு போகிறது. எங்கள் ஆள் நூறு வெள்ளி தோற்றால் மேஸ்திரிக்குக் கூலி பாக்கி.

11 ஆகஸ்ட்

திருத்தம். நேற்று நான் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய அறைக்காரர் ஒருவர் போன் பண்ணிக் கோபித்துக்கொண்டார். தொழிலாளிகள் எல்லோரும் சம்பளம் வாங்கியதும் சூதாட்டக்கூடத்துக்கு ஓடியது மாதிரி எழுதியிருக்கிறாயே, நம் ஆட்களின் பேரை நீயே கெடுக்கலாமா என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். விட முடியாமல் மாட்டியது இரண்டே பேர். நான்கைந்து பேர் ஒருமுறை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். மீதிப் பேர் அந்தப் பக்கமே போனதில்லை, ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்கா, வீரமாகாளியம்மன் கோயில், சமையல், தூக்கம். இதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

ஆனால் அவரிடம் நான் திருப்பிக் கேட்டதையும் எழுதுகிறேன். அந்த இரண்டு பேருக்குக் கைமாற்றுக் கொடுத்தது யார்? மீதிப் பத்துப் பேர். திரும்பி வந்ததா? அவருக்கே 300 வெள்ளி வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

12 ஆகஸ்ட்

இன்றைக்கு என் வாதத்துக்கு எதிரான ஒன்றை எழுத வேண்டும். சிங்கப்பூரில் எங்களுக்கு வாரக் கணக்கில் சாப்பாடு போட்ட ஒரு அக்கா உண்டு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர், வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், மூன்றாவது மாடி. அவர் மகள் 2010இல் சூதாட்டக்கூடத்தில் டீலராகச் சேர்ந்தாள், ஆட்ட மேசையில் சீட்டைக் கலைத்துப் போடுகிற வேலை. பெரிய படிப்பு இல்லை. மாதக்கணக்கில் அவர்களே பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவின் வீட்டுக் கடன் அடைந்தது, தம்பி பாலிடெக்னிக் முடித்தான். இரவு ஷிப்ட், சிகரெட் புகை, தோற்றவர்களின் வசவு, இதையெல்லாம் அந்தப் பெண் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த வேலை வந்திருக்கவே வேண்டாம் என்று அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

என் சம்பளமும் அங்கிருந்து வந்ததுதான். 2008 கடைசியில் உலகம் முழுக்க நெருக்கடி வந்து பல சைட்டுகளில் வேலை நின்றபோது எங்களுக்கு ஓடி குறையவில்லை. நான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பணத்தில். நன்மை ஓரிடத்தில் குவிந்தது, கெடுதல் பல இடத்துக்குச் சிதறிப் போனது. குவிந்ததை எண்ணுவது சுலபம். இதுவரைக்கும் நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது.

14 ஆகஸ்ட்

சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: சிங்கப்பூரில் சூதாட்ட அடிமைத்தனம் குறைந்துவிட்டதாகத்தானே ஆய்வு சொல்கிறது, நீங்கள் ஏன் கூடியது மாதிரிப் பேசுகிறீர்கள்?

ஆய்வு உண்மை. சூதாட்டப் பிரச்சினையைக் கவனிக்கும் தேசிய மன்றம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறது. 2011இல் சூதாட்டத்தால் சிக்கலில் இருப்பவர்கள் 2.6 சதவீதம், 2014இல் 0.7. பெரிய இறக்கம்தான். கட்டணம், குடும்பத்தார் போய்ப் பேர் கொடுத்துத் தடை போடும் வசதி, அரசு உதவித்தொகையில் இருப்பவர்களுக்கும் திவாலானவர்களுக்கும் தானாகவே விழும் தடை, இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். 2010லேயே குடியிருப்புப் பேட்டைகளிலிருந்து சூதாட்டக்கூடத்துக்கு ஆள் ஏற்றிய இலவசப் பேருந்துகளை நிறுத்த வைத்தார்கள். கூடத்துக்குள் ஏடிஎம் கிடையாது. உலகத்தில் இவ்வளவு கவனமாகச் செய்த நாடு குறைவு, அதை மனசாரச் சொல்கிறேன்.

ஆய்வில் யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும். டார்மிட்டரியில் வந்து யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எண்ணிக்கை என்ன வந்திருக்கும் என்று நான் ஊகம் சொல்லப் போவதில்லை. எண்ணவே இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

14 ஆகஸ்ட், இரவு

விட்டுப்போனது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிகள் தாங்களாகவே தங்களைத் தடை செய்துகொள்ளலாம் என்று ஒரு படிவம் உண்டு. எங்கள் டார்மிட்டரியில் ஒரு நாள் மேசை போட்டு எழுதி வாங்கினார்கள், நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். நானும்தான். நான் ஆடாதவன், எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவன் எழுத வேண்டும் என்பதற்காக முதலில் நான் எழுதினேன். என் பின்னால் வரிசையில் நின்றவன், பேனா இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்து போய்விட்டான்.

15 ஆகஸ்ட்

உள்ளூர்க்காரர்கள் கட்டும் அந்த நுழைவுக் கட்டணத்துக்கு அங்கே "லெவி" என்று பேர், அந்தச் சொல்லைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சிங்கப்பூரில் எங்களுக்கு லெவி என்றால் சூதாட்டக்கூடக் கட்டணம் நினைவுக்கு வராது. ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டுவதும் லெவிதான். சம்பளம் ஏற்றிக் கேட்டால், உனக்கு லெவியே இவ்வளவு கட்டுகிறேன் என்பார்கள். ஆக ஒரே சொல், இரண்டு வாசல். உள்ளூர்க்காரன் ஆடப் போனால் லெவி, நாங்கள் உழைக்கப் போனால் லெவி. நாங்கள் ஆடப் போனால் மட்டும் இலவசம். இதை முதலில் கவனித்துச் சொன்னது எங்கள் அறையில் இருந்த ஒரு பெரியவர், எட்டாவது வரைக்கும் படித்தவர்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சிங்கப்பூர் நல்ல உதாரணம், மோசமான உதாரணம் ஏதாவது உண்டா என்று கொழும்பு நண்பர் கேட்டிருக்கிறார். அட்லாண்டிக் சிட்டியைப் பாருங்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்துக் கடற்கரை ஊர். ஒரு காலத்தில் கோடை விடுமுறைக்குப் பேர் போனது, அப்புறம் நொடித்துப் போனது. சூதாட்டம் வந்தால் ஊர் பிழைக்கும் என்று 1976இல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடத்தி அனுமதித்தார்கள். 1978 மே மாதம் முதல் கூடம் திறந்தது. அடுத்த முப்பது வருஷம் பணம் கொட்டியது, 2006இல் ஆண்டுக்கு 520 கோடி டாலர் வரைக்கும் போனது. கடலைப் பார்த்த வரிசையில் கோபுரங்கள். இரண்டு தெரு தள்ளிப் போனால் இடிந்த வீடுகளும் காலி மனைகளும். சாப்பாடு, தூக்கம், கச்சேரி, கடை எல்லாம் கூடத்துக்குள்ளேயே மலிவாகக் கிடைத்தால் வந்தவன் எதற்குத் தெருவுக்கு வருவான்? ஊரில் முழு அளவிலான சூப்பர்மார்க்கெட் ஒன்றுகூட இல்லாமல் மக்கள் பல வருஷம் அல்லாடினார்கள்.

2006 கடைசியில் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் கூடங்கள் திறந்தன. பத்தே வருஷத்தில் வருமானம் பாதியானது. 2014 ஒரே ஆண்டில் பன்னிரண்டில் நான்கு கூடங்கள் மூடின, எட்டாயிரம் பேருக்கு வேலை போனது. அதில் ரெவெல் என்ற ஒன்று, 240 கோடி டாலர் போட்டுக் கட்டி 2012இல் திறந்தது, இரண்டரை வருஷம்கூட ஓடவில்லை. கூடங்களின் மதிப்பு சரிந்ததும் நகராட்சிக்கு வந்த சொத்து வரியும் சரிந்தது. போதாததற்குக் கட்டிய வரியையும் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2016 நவம்பரில் நகரத்தின் நிர்வாகத்தை மாநில அரசே கையில் எடுத்துக்கொண்டது.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. பக்கத்து மாநிலத்தில் ஒன்று திறந்ததும் ஊரே கவிழ்கிறது என்றால் அந்த ஊருக்கு வேறு தொழில் இல்லை என்று பொருள். சிங்கப்பூருக்குத் துறைமுகம் இருக்கிறது, வங்கி இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது. சூதாட்டக்கூடம் அங்கே வீட்டோடு சேர்ந்த இன்னொரு அறை, வீட்டின் தூண் ஆகிவிடவில்லை. அதனால்தான் வேண்டாத வாடிக்கையாளனை வாசலில் நிறுத்திக் கட்டணம் கேட்கும் தைரியம் அவர்களுக்கு வந்தது. கூடத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஊர் யாரையும் வாசலில் நிறுத்தாது.

18 ஆகஸ்ட்

மக்காவைப் பற்றிக் கேட்டவருக்கு: அரேபியாவில் இருக்கும் புனித நகரம் இல்லை, சீனக் கடலோரத்தில் போர்ச்சுகீசியரிடம் இருந்த மக்காவ், எழுத்தில் குழம்பிவிடாதீர்கள். 2013இல் அங்கே கூடங்களின் வருமானம் 36,000 கோடி பட்டாக்கா (அந்த ஊர் நாணயம்). டீலர் வேலை உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்கள், 2008 முதல் ஒவ்வொரு ஆண்டும் மக்கள் கையில் ரொக்கமும் கொடுக்கிறார்கள். அதாவது பங்கு கொடுக்கிறார்கள், அது நல்லது. ஆனால் பள்ளியை விட்டுவிட்டுப் பிள்ளைகள் டீலர் வேலைக்குப் போனது பெரிய கவலையாகி, 2012 நவம்பரிலிருந்து 21 வயதுக்குக் கீழே கூடத்தில் வேலைக்கு எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பதினெட்டு வயதில் ஆசிரியரைவிட அதிகச் சம்பளம் கிடைத்தால் யார் படிப்பார்கள்?

கோவாவில் மாண்டோவி ஆற்றில் கப்பல் கூடங்கள். 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் உள்ளே போய் ஆடக்கூடாது என்றார்கள். மலேசியாவில் கெந்திங் 1971இல் திறந்தது, முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு ஊரும் தன் பிள்ளைகளை ஏதோ ஒரு வகையில் மறித்துவிட்டு மற்றவன் பிள்ளையை உள்ளே அழைக்கிறது. நண்பரே, உங்கள் கொழும்பிலும் இலங்கையர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, அதை 50 டாலரிலிருந்து 100 ஆக்குகிறார்கள். நல்லது. வருகிற பயணிகளில் நிறையப் பேர் இந்தியர்கள். அவர்களில் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் மூன்று நாள் பேக்கேஜில் வருகிறவனும் இருப்பான். அவன் வீட்டுக் கணக்கு கொழும்பில் யாருக்கும் தெரியப் போவதில்லை.

18 ஆகஸ்ட், இரவு

மேலே எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். விமானம் ஏறி ஆடப் போகிறவன் வேறு, உழைக்க வந்த ஊரில் மாட்டிக்கொண்டவன் வேறு. முதல் ஆள் ஆடுவதற்கென்றே காசு எடுத்துக்கொண்டு வருகிறான், போகும் தேதியும் டிக்கெட்டில் இருக்கிறது. இரண்டாவது ஆளுக்கு இரண்டு வருஷப் பெர்மிட், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, பேச ஆள் இல்லை, போக இடம் இல்லை. இரண்டையும் ஒரே வரியில் வைத்தது தவறு. என் வழக்கு இரண்டாவது ஆளுக்காக.

20 ஆகஸ்ட்

சூதாட்டக்கூடத்தை மட்டும் குறை சொல்கிறீர்களே, நம் ஆட்கள் நாலு நம்பர் லாட்டரியில் விட்டதுதானே அதிகம் என்று ஜூரோங்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உண்மை தம்பி. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். கனவில் வந்த எண், விபத்தில் சிக்கிய வண்டியின் எண், சாமி ஊர்வலத்துத் தேர்ச் சக்கரத்தில் எழுதியிருந்த எண், எல்லாம் வைப்பார்கள். நானும் பல வருஷம் வாரம் 2 வெள்ளி வைத்திருக்கிறேன். இப்போது போனிலேயே எல்லா ஆட்டமும் வந்துவிட்டது, தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் உயிரை விட்டவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வேகம்தான் வித்தியாசம். நாலு நம்பரில் தோற்றால் அடுத்த குலுக்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அதற்குள் புத்தி வந்தாலும் வரலாம். அந்தப் பகடை மேசையில் ஒரு நிமிஷத்துக்குள் அடுத்த ஆட்டம். ஒரு மாத ஓடி அரை மணி நேரத்தில் போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

24 ஆகஸ்ட்

பேராவூரணியிலிருந்து ஒரு சகோதரி: தம்பி அடுத்த வாரம் சிங்கப்பூர் போகிறான், முதல் தடவை, என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

அம்மா, பயமுறுத்தி அனுப்பாதீர்கள், நல்லபடியாகப் போகட்டும். முதல் சம்பளம் வாங்கும் முன்பே அந்தத் தடைப் படிவத்தை எழுதிவிடச் சொல்லுங்கள், செலவு ஒன்றும் இல்லை, ஒருமுறை எழுதினால் குறைந்தது ஒரு வருஷத்துக்கு நினைத்த மாத்திரத்தில் எடுக்க முடியாது. பணம் அனுப்புவது ஒரே தேதியில் இருக்கட்டும், தேதி தள்ளிப் போனால் திட்டாமல் காரணம் கேளுங்கள். நான் எழுதிய அந்தப் பையன் வீட்டில் முதல் தடவை பணம் குறைந்தபோது அவன் மாமா போனிலேயே கத்தினார், அதற்கப்புறம் அவன் வீட்டுக்குப் பேசுவதையே குறைத்துவிட்டான். முக்கியமாக, யாராவது ஒரு மூத்த ஆளின் நம்பர் அவனிடம் இருக்கட்டும். என் நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், இரவு எட்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பேசச் சொல்லுங்கள்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சிலர் கேட்டதால்: அவன் 2012இல் பெர்மிட் முடிந்து திரும்பிவிட்டான். டிக்கெட்டுக்கு நாங்கள் ஒன்பது பேர் போட்டோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், இப்போது ஊரிலேயே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஆடுவதில்லை. வீட்டுக்கு லிண்டலுக்கு மேலே தகரம் போட்டு இருக்கிறார்கள், வெயில் காலத்தில் பகலில் உள்ளே உட்கார முடியாது. இந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு முன்பு அவனிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேஸ்திரி பாக்கியையும் சேர்த்து எழுதுங்கண்ணே என்றான்.

அந்தப் பாக்கியை இன்றைக்குத்தான் விசாரித்தேன். மேஸ்திரிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, மகன்தான் பழைய நோட்டை எடுத்து வாசித்தான். நான் மனதில் 30,000 ரூபாய் என்று வைத்திருந்தேன். நோட்டில் 41,500 இருக்கிறது, அதில் சித்தாள் கூலி அவர் கையிலிருந்து கொடுத்தது 9,000. 10ஆம் தேதி நான் போட்ட ஐந்து லட்சத்தில் இது அடங்கவில்லை. காளவாய்க்காரர் வெளியூர் போயிருக்கிறார், புதன்கிழமை வருவாராம். அவர் நோட்டையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.